புரோசார்ட்டில் ஒரு கோட்டை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, நாங்கள் குடியேறியிருந்த பிரெஞ்சு பேசும் பனிநாட்டு ஊரான புரோசார்ட்டில் நான் ஒரு கோட்டையைக் கண்டுபிடித்தேன். அது கோட்டைதான் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. அங்கே குடியிருந்த பெரியவர்களுக்கு அது வெறும் மண்மேடு. நாயைக் கூட்டிக்கொண்டு போகவும், குப்பை லொறிக்காரன் ஏற்ற மறுத்த பழைய கதிரைகளைக் கொண்டுபோய் எறியவும் தோதான இடம்.

எங்கள் வீடு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி. பின்வேலிக்கு அப்பால் ஒரு வெறுங்காணி கிடந்தது, அதற்கும் அப்பால் நெடுஞ்சாலை. காணியின் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு அந்த மேடு நின்றது. அடியில் அகன்று, மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் மேசை போலத் தட்டையாக இருக்கும். சுற்றிவர ஒரு பள்ளம். பனி உருகும் காலத்தில் அதில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். உச்சியில் யாரோ ஒரு பச்சை சோபாவைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதை அவ்வளவு உயரத்துக்குச் சுமந்து ஏறியவர் ஏன் குப்பைக்குப் போடவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நாலாம் வகுப்பில் எங்கள் ஆசிரியையை மதாம் என்று கூப்பிடுவோம். ஒருநாள் மதாம் ஒரு படத்தைக் காட்டினார். கல்லில் கோட்டை கட்டப் பழகுவதற்கு முன்னர் பிரான்சு தேசத்துப் பிரபுக்கள் மண்ணைத்தான் குவித்தார்களாம். சுற்றிவரப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணை நடுவில் மலைபோலக் கொட்டி, உச்சியைத் தட்டையாக்கி, மேலே மரத்தால் ஒரு கோபுரம் எழுப்புவார்கள். மரம் உக்கிப் போய்விடும், மண் மட்டும் மிஞ்சும். அப்படி மிஞ்சிய மேடுகளில் இன்றைக்கு மாடு மேய்கிறது, அது கோட்டை என்று அந்த ஊர்க்காரருக்கே தெரியாது என்றார் மதாம். அந்த மேட்டுக்கு பிரெஞ்சில் மொத் என்று பெயர்.

நான் கையை உயர்த்தி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மதாம் சிரிக்கவில்லை. அந்தப் பிரபுக்கள் கடல் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை என்று பொறுமையாக விளக்கினார். ஆனால் பிரெஞ்சுக்காரர் முதன்முதலாக இங்கே குடியேறியபோது நம் ஊரை ஒட்டிய ஆற்றின் தென்கரையில் சின்னச் சின்னக் காவல் கோட்டைகள் கட்டியது உண்மைதான், ஆகவே முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது, ஆதாரம் ஏதும் கிடைத்தால் கொண்டுவந்து வகுப்புக்குக் காட்டு என்றார். அவர் சொன்னதில் 'இல்லை என்று சொல்ல முடியாது' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடினேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் விசயத்தை அறிவித்தேன். “பின்னுக்கு இருக்கிறது ஒரு மொத்,” என்றேன்.

டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நின்று களைத்து வந்திருந்த அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். “மொட்டையோ? ஆருக்கு?”

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கச் சில நிமிடம் எடுத்தது. நான் சொன்னதை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் மாமா ஒருவர்தான்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. வன்னியில் சண்டை முடிந்து, முகாமில் இருந்து, பிறகு வீட்டில் யாரும் பெயர் சொல்லாத சில நாடுகள் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பேஸ்மென்டில் படுத்தார். அகதிக் கோரிக்கை விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை, வேலை செய்ய அனுமதிக் கடிதமும் வரவில்லை. அதனால் சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், பனி வழித்தார். அவர் வழித்த பாதையின் இரண்டு கரையும் கத்தியால் கேக் வெட்டியதுபோல நேராக இருக்கும். பேச்சு மட்டும் குறைவு. வெளியே போனால் அவருக்கு வாய் நான்தான். தபால் கந்தோரிலும், மருந்துக் கடையிலும், முனையிலிருந்த டெப்பனேர் என்ற பெட்டிக்கடையிலும் நான் முன்னால் நின்று பிரெஞ்சில் கதைப்பேன். மாமா இரண்டடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “இவளுக்குத் தெரியாத பாசை இல்லை அக்கா,” என்பார். அதைக் கேட்பதற்காகவே நான் அவரோடு கடைக்குப் போவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவை மேட்டுக்குக் கூட்டிப் போனேன். என் தம்பியும் வந்தான், அவனுக்கு ஏழு வயது. மாமா பள்ளத்தை ஒருமுறை சுற்றி நடந்தார். சில இடங்களில் குதிக்காலால் அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் குந்தி ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கினார்.

“இது தானா வந்த மேடு இல்லைப் பிள்ளை,” என்றார். “மனிசர் வெட்டிக் குவிச்சது. பள்ளத்தில இருந்த மண்தான் மேல கிடக்கு.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “எப்பிடி மாமா தெரியும்?”

“தெரியும்.” பிறகு மேட்டின் அடியில், எங்கள் வீட்டுப் பக்கமாக, ஓர் இடத்தைக் காட்டினார். “இதில பார். புல்லு வேற நிறம். மண்ணும் பதிஞ்சு போச்சு. கீழ ஏதோ கிடக்கு.”

“கிண்டுவமோ?”

கையிலிருந்த மண்ணை உதறிவிட்டு எழுந்தார். முகம் வேறொருவருடையதுபோல ஆகிவிட்டது. “கிண்டக் கூடாது.”

“ஏன்?”

“கிடக்கிறது கிடக்கட்டும். வா, போவம்.”

அடுத்த நாள் வகுப்பில், என் மாமா மண்ணை ஆராய்வதில் ஒரு நிபுணர் என்றும், அவர் நேரில் வந்து பார்வையிட்டு இது மனிதர் கட்டிய மேடுதான் என்று உறுதி செய்துவிட்டார் என்றும் சொன்னேன். நிபுணர் கிண்டக் கூடாது என்று சொன்ன பகுதியைச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு அப்போது கடைத்தொகுதி ஒன்றின் புடவைக் கடையில் வேலை. மாமா அடுப்படியில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டு, சோறு அள்ளும் பெரிய இரும்பு அகப்பையையும் அம்மா பூச்சாடிக்கு வைத்திருந்த சின்ன மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வேலியின் ஓட்டையால் நுழைந்தோம். மாமா காட்டிய அதே இடத்தில் கிண்டத் தொடங்கினோம்.

பனி உருகிய தண்ணீரும் வற்றி மண் பதமாக இருந்தது. என் முழங்கை மறையும் ஆழம் வந்தபோது அகப்பை எதிலோ தட்டியது. முதலில் வேர் என்று நினைத்தேன். சுற்றிவர மண்ணை வழித்தபோது அது நீளமாக, தேயிலைச் சாய நிறத்தில், முனையில் உருண்டையாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் கீழே வில்லுப்போல வளைந்த மெல்லிய எலும்புகள் வரிசையாகக் கிடந்தன.

தம்பி அழத் தயாரானான். “செத்த ஆளோ அக்கா?”

“ஓம். ஆனா கனகாலத்துக்கு முந்திச் செத்தது,” என்றேன். “கோட்டையைக் காத்த படைவீரன். பயப்பட ஒண்டும் இல்லை.”

எனக்குப் பயம் இருக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். இருந்தது பூரிப்பு. வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் முகங்கள் திங்கட்கிழமை எப்படி மாறும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

அப்போது ஒரு பெண் நாயோடு பள்ளத்தோரமாக வந்தார். நாய் எங்களிடம் ஓடிவந்து குழிக்குள் மூக்கை நீட்டியது. அதை இழுத்துப் பிடித்த பெண் குழிக்குள் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். எதையும் தொடவேண்டாம் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் நின்று தொலைபேசியில் கதைத்தார்.

மாமா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டு வந்தது அதற்குப் பிறகுதான். தோளில் அடுப்படித் துவாய் கிடந்தது. “இதுக்குள்ள என்ன செய்யிறியள்?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர் குழியைப் பார்த்தார்.

அவர் கத்தவில்லை. அப்படியே முழங்காலில் விழுந்தார். விழுந்த வேகத்திலேயே நாங்கள் வெளியே குவித்திருந்த மண்ணை இரண்டு கையாலும் குழிக்குள் தள்ளத் தொடங்கினார். வாரி வாரித் தள்ளினார். நகத்துக்குள் கல் ஏறி இரத்தம் வந்ததும் அவருக்குத் தெரியவில்லை.

“மூடு,” என்றார். “மூடு பிள்ளை. கெதியா மூடு. ஒருத்தருக்கும் சொல்லாதை.”

என் ஆதாரம் என் கண் முன்னாலேயே மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் குழிக்குள் கையை விட்டு அந்த நீள எலும்பை இழுத்தெடுத்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன். “இது எனக்கு வேணும்! இது என்ரை!”

மாமா எனக்கு அறைந்தார்.

எங்கள் வீட்டில் அதுவரை என்னை யாரும் அடித்ததில்லை. வலி பிறகுதான் தெரிந்தது. முதலில் கேட்டது சத்தம்தான். நெடுஞ்சாலை இரைச்சலும் நின்றுவிட்டதுபோல இருந்தது. எலும்பு என் கையிலிருந்து நழுவி விழுந்தது. மாமா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது அங்கே எப்படி வந்தது என்று தெரியாதவர்போல.

நாங்கள் அப்படியே நிற்கும்போது பொலிஸ் வண்டி வந்து காணியோரம் நின்றது. ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பேர் இறங்கிப் புல்லுக்குள்ளால் நடந்து வந்தார்கள். அவர்கள் அவசரப்படவில்லை. யாரையும் எதுவும் செய்யச் சொல்லவுமில்லை.

மாமா எழுந்து எங்களைவிட்டுப் பத்தடி தள்ளிப் போனார். போனவர் சேட்டுப் பொத்தான்களைக் கழற்றினார். சேட்டை உரிந்து தூர எறிந்தார். உடம்பில் ஒன்றும் மறைத்து வைத்திருக்கவில்லை என்று காட்டுபவர்போல, கைகள் இரண்டையும் உயர்த்திக்கொண்டு, தன் முதுகு அவர்களுக்குத் தெரியும்படி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு முழங்காலில் நின்று, விரல்களைக் கோத்துத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்களை மூடினார்.

பொலிஸ்காரர் இருவரும் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். குளிர் காற்று வீசிக்கொண்டிருந்தது. மாமாவின் முதுகில், வலது தோளுக்குக் கீழே, பிசைந்த மாவில் விரலால் அழுத்தியதுபோல நாலைந்து குழிகள் இருந்தன. ஒரே வீட்டில் இத்தனை மாதம் இருந்தும் நான் அவற்றைக் கண்டதில்லை. ஆனால் அப்போது எனக்கு அந்தக் குழிகள் முக்கியமாகப் படவில்லை. ஊரார் முன்னால் என் மாமா சேட்டில்லாமல் முழங்காலில் நிற்கிறார் என்ற அவமானம்தான் பெரிதாக இருந்தது.

“மாமா, சேட்டைப் போடுங்கோ!” என்று கத்தினேன். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

பொலிஸ்காரப் பெண் இளவயது. சேட்டை எடுத்து மண்ணைத் தட்டி அவருடைய தோளில் போர்த்துவிட்டார். எழும்புங்கள் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். மாமா எழும்பவில்லை. அந்தப் பெண் என்னிடம் வந்து குந்தி, உனக்கு பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டார். தெரியுமா என்று கேட்டதே எனக்குக் கோபமாக இருந்தது.

இவர் யார்? என் மாமா. இந்த இடத்தில் கிண்டச் சொல்லி உங்களுக்கு யார் காட்டியது? மாமாதான் காட்டினார், கீழே ஏதோ கிடக்கிறது என்று அவருக்கு முன்னமே தெரியும். கிண்டச் சொன்னாரா? இல்லை, கிண்டக் கூடாது என்றார். எலும்பைக் கண்டதும் என்ன சொன்னார்? மூடு, ஒருத்தருக்கும் சொல்லாதே என்று சொன்னார். உன் கன்னம் ஏன் சிவந்திருக்கிறது? மாமா அடித்தார்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் இறுகிக்கொண்டு வந்தது. என் பிரெஞ்சு அவ்வளவு கவனமாகக் கேட்கும்படி இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமாவை வண்டியில் ஏற்றினார்கள். விலங்கு போடவில்லை, கதவைத் திறந்து பிடித்தார்கள். அவர் பின்னிருக்கையில் முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்த்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு வண்டி வந்து மேட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியது. மாமாவை ஏன் கொண்டுபோகிறார்கள் என்று தம்பி கேட்டான். அவர் நிபுணர், அதனால் விளக்கம் கேட்கப் போகிறார்கள் என்று சொன்னேன். அதை நானும் பாதி நம்பினேன்.

அம்மா வரும்வரை நாய்க்காரப் பெண் எங்களோடு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா வந்துசேரும் நேரத்தில்தான் உள்ளே பருப்பு அடிப்பிடித்துக் கருகி, புகை மணி அலறத் தொடங்கியது. அம்மா கடைச் சீருடையோடு ஓடிவந்து முதலில் அடுப்பை நிறுத்தினார், பிறகு கதிரையில் ஏறி மணியை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் என்னிடம் திரும்பினார். நான் நடந்ததை ஒழுங்காக, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

“நீ பொலிசுக்கு என்ன சொன்னனி? இன்னொருக்காச் சொல்லு.”

சொன்னேன்.

“முதலே தெரியும் எண்டு சொன்னனியோ? மூடச் சொன்னது எண்டும் சொன்னனியோ?”

“ஓம். அதுதானே நடந்தது?”

அம்மா கதிரையிலிருந்து இறங்க மறந்து அதிலேயே நின்றார். “ஓம்,” என்றார் கடைசியில். “நீ உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாய்.” அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பிறகு அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, அழுகையும் பேச்சுமாக, “கேஸ் என்ன ஆகப்போகுதோ, திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ,” என்று சொன்னதைக் கேட்டேன். மாமாவைத் திருப்பி அனுப்புவது என்றால் கடையில் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல ஒன்று என்று எனக்குத் தோன்றியது. அதில் அழ என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ஆனாலும் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். தம்பியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

வெயில் சாயும் நேரம் வண்டி திரும்பி வந்தது. முன்னிருக்கையில் மாமா. பொலிஸ்காரப் பெண் அவரை வாசல்வரை கூட்டிவந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். எலும்பை ஆராயும் அம்மையார் ஒருவர் வந்து பார்த்தாராம். பார்த்த மாத்திரத்தில் குதிரை என்று சொல்லிவிட்டாராம். முன்னொரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் பண்ணை நிலம், யாரோ தங்கள் குதிரையைப் புதைத்திருக்கிறார்கள். மேடும் வாய்க்கால் வெட்டிய மண்ணாகத்தான் இருக்க வேண்டுமாம்.

“குதிரையாம் அம்மா,” என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வெடித்தது. என் கோட்டை போய்விட்டது. அம்மா நான் மாமாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து என்னைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பிள்ளையை நிக்கச் சொல்லு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்,” என்று அடுப்படிக்கு ஓடினார். டவுன்டவுனிலிருந்து வரும் அப்பா இன்னும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டவில்லை. வாசலில் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம்.

பொலிஸ்காரப் பெண் குரலைத் தணித்தார். தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டோம் என்றார். எலும்பைப் பற்றி எத்தனை தரம் கேட்டாலும் உன் மாமா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையை அடித்தது பிழை, வாழ்க்கையில் இனி அடிக்க மாட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று. அவர் உன்னை அடித்ததற்காகத்தான் நாங்கள் வந்தோம் என்று நினைத்திருக்கிறார். இல்லை, எலும்புக்காகத்தான் வந்தோம், இங்கே மண்ணுக்குள் எலும்பு கண்டால் அது யாருடையது என்று நாங்கள் தேடியாக வேண்டும் என்று விளக்கினோம். பிறகு, யாருடைய எலும்பாக இருந்தாலும் தேடுவீர்களா என்று கேட்டார். யாருடையதாக இருந்தாலும் என்றோம். அழைப்பை முடித்த பிறகு, கையால் சைகை காட்டி ஒரு தாள் கேட்டார். இதை எழுதித் தந்தார். இதில் என்ன இருக்கிறது?

கோடு போட்ட தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

எனக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு, வாயால். ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று உருண்டு புரண்டு அழுது, இரண்டு வருடத்துக்கு முன்னமே வென்றிருந்தேன். தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள் இருந்தன, பத்துப் பதினைந்து இருக்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் எண். 34. 9. 61. 3. மறுபடியும் 3.

பொலிஸ்காரப் பெண் காத்துக்கொண்டு நின்றார். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இவளுக்குத் தெரியாத பாசை இல்லை என்று சொன்னவர் அவர்தான். வாசிக்கத் தெரியாது என்று அந்த இரண்டு பேர் முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை.

“சாமான் பட்டியல்,” என்றேன் பிரெஞ்சில். “கடையில் வாங்க வேண்டிய சாமான்கள்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு மூச்சை விட்டுச் சிரித்தார். அன்று முழுக்க இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் இளகியது. தாளை மாமாவிடம் திருப்பி நீட்டினார்.

மாமா வாங்கவில்லை. “வேண்டாம், அவவையே வைச்சிருக்கச் சொல்லு பிள்ளை.”

அதை நான் சரியாகவே மொழிபெயர்த்தேன். ஏன் என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. ஆனால் மறுத்தால் இவர் மனம் நோகும் என்று நினைத்திருக்க வேண்டும். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மாமா அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கனநேரம் விடவில்லை. தேநீர் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அன்று மாமா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கருகல் மணக்கும் பருப்பும் பாண் ரொட்டியும்தான். அம்மா அவர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொலிஸ் பிள்ளைக்கு ஒரு கடுதாசி குடுத்தனான்,” என்றார் மாமா தானாகவே.

“என்ன கடுதாசி?”

“பேருகள்.”

“ஆற்ற பேருகள்?”

மாமா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். “எல்லாற்றையும் அக்கா. கடைசிச் சண்டையில அந்தப் பங்கருக்குள்ள பதுங்கியிருந்த எல்லாற்றையும்.”

“அவவுக்குத் தமிழ் தெரியாதே,” என்றார் அம்மா.

“இவள் வாசிச்சுச் சொன்னவளெல்லே,” என்றார் மாமா. என் தலையைத் தடவினார். அறைந்த அதே கைதான். நகக்கண்களில் இரத்தம் காய்ந்திருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். ஒரு பிஸ்கட்டைத் திருடித் தின்றுவிட்டு இல்லை என்றாலும் விடாத அம்மா. இப்போது கேட்கப் போகிறார், இப்போது கேட்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியில் கழுவப் பாத்திரம் ஒன்றும் இல்லாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் கேட்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் வேலைக்குப் போகும் வழியில் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டபோது, பொய்க்கான தண்டனை இவ்வளவுதானா என்று நிம்மதியாகவும் இருந்தது.

அவை சாமான்கள் அல்ல, பேர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் என்ன பெரிய வித்தியாசம் என்று நான் யோசித்தேன். பேர்கள்தானே. சாமான் பட்டியல் என்றாலும் பேர்ப் பட்டியல் என்றாலும் அந்தப் பொலிஸ்காரப் பெண் அதை வைத்து என்ன செய்யப் போகிறார்?

அதற்குப் பிறகு தொலைபேசி அடித்தால் மாமா பேஸ்மென்ட் படியில் ஏறிவந்து நிற்பார். பொலிஸ் வண்டி தெருவால் போனால் முன்புபோல ஒதுங்காமல் யன்னலுக்குப் போய்ப் பார்ப்பார். “அந்தப் பிள்ளை ஏதும் அறிவிச்சவவோ?” என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் கேட்டார். மாமாவுக்கு அந்தப் பெண்ணில் விருப்பம் வந்துவிட்டது என்று தம்பிக்குச் சொன்னேன். நாங்கள் இருவரும் போர்வைக்குள் சிரித்தோம்.

கோடை விடுமுறையில் ஒருநாள் டெப்பனேரில் பால் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வெயிலில் நடந்து வந்தோம். மாமா எனக்கு ஐஸ் பழம் வாங்கித் தந்திருந்தார். சந்தியில் ஒரு பொலிஸ் வண்டி சிவப்பு விளக்குக்கு நின்றது. மாமா குனிந்து உள்ளே பார்த்தார். வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கு மாறி வண்டி போய்விட்டது.

“எழுதினது காணுமோ பிள்ளை?” என்று கேட்டார். “வயதும் போட்டனான். எந்த இடம் எண்டும் எழுதியிருக்க வேணுமோ? அது இல்லாமல் பொலிசுக்காரர் எங்கயெண்டு தேடுறது?”

ஐஸ் உருகி முழங்கைவரை ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நக்கிக்கொண்டே, எல்லாம் தெரிந்தவளின் குரலில், அது போதும் என்று சொன்னேன்.

“காணும் மாமா.”

அவர் தலையாட்டினார். பால் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, என்னை உள்பக்கமாக விட்டு, தான் றோட்டுக்கரையால் நடந்தார். நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்பது மட்டும் எனக்கு அன்று தெரிந்தது. எதை நம்பிவிட்டார் என்பது தெரியவில்லை.